புள்ளிக்குப் பின்னால் ரெண்டு இலக்கம்

அய்யப்பண்ணனைப் போலப் பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததே இல்லை. கல்வராயன் மலைக்கு ஆம்புலன்ஸ் ஓட்டுகிற மனுஷனுக்கு மலை வளைவு பயம், மழை பயம், ஓடையில் கணுக்கால் நனைக்கக்கூடப் பயம். ஊர் நைனார்பாளையம். முன்பு கரும்பு டிராக்டர் ஓட்டியவர். ஒருநாள் டிரெய்லர் சாய்ந்து அதன் அடியில் கிடந்தவரை ஆம்புலன்ஸ்தான் வந்து தூக்கியது. "அது வர்ற வரைக்கும் கெடந்த கெட இருக்குதே, எதிரிக்கும் வேணாம்" என்பார். கால் சரியானதும், அந்த ஆம்புலன்ஸை ஓட்டும் எங்கள் டிரஸ்டில் வந்து வேலை கேட்டார். அதே வண்டியில் நான் நர்ஸ். பெயர் கோகிலவாணி, தியாகதுருகத்துக்காரி.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. மலையில் எந்த வீட்டுக்குப் போனாலும், கிட்டே வந்ததும் வண்டியை நிறுத்தி ஹாரனை நீளமாக அடிப்பார். வீட்டுக்காரர்கள் பதிலுக்குக் கூவ வேண்டும். கூவல் கேட்டால்தான் வண்டி நகரும்.

"மேப்புதான் காட்டுதே, அப்புறம் இன்னாத்துக்குண்ணே இந்த ஊர்வலம்?" என்று சீண்டுவேன்.

"மேப்பு கூவுமா வாணி?" என்பார்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் பழனி என்பவர் ஆபீசுக்குப் போன் செய்தார். வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே ஒரு குக்கிராமம். மனைவி ஷாலினிக்கு நிறைமாதம், ரத்தம் நிற்காமல் போகிறது. வீட்டில் சிக்னல் இல்லாததால் பாறைமேல் ஏறி நின்று பேசினார். பேசிவிட்டுக் கீழே ஓடிவிட்டார். திரும்பக் கூப்பிட வழியில்லை. ஆனாலும் நாங்கள் கவலைப்படவில்லை. மலையில் எந்த வீட்டில் கர்ப்பிணி இருந்தாலும் முன்னமே ஆள் போய், வீடு இருக்கும் இடத்தைப் போனில் குறித்து, அட்சரேகை தீர்க்கரேகை எண்களாகப் பதிந்து வைப்போம். ஆபீசில் இருக்கும் சுபாஷ் அதை அய்யப்பண்ணனின் போனுக்கு அனுப்பிவிட்டான். நாங்கள் பறந்தோம்.

போய்ச் சேர்ந்துவிட்டதாகப் போன் சொன்ன இடத்தில் ஒரு மரவள்ளிக் கொல்லை இருந்தது. வீடு இல்லை, ஆள் இல்லை, குரைக்க ஒரு நாய் இல்லை. சுற்றிலும் பனிமூட்டம்.

"இன்னாண்ணே இது?"

அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. "எடம் மாறிப்போச்சு வாணி. ஐயோ, அந்தப் பொண்ணு காத்துக்கினு இருக்குமே!"

என் போனிலும் சிக்னல் இல்லை. அவர் ஹாரனை அழுத்தினார். பதில் இல்லை. மறுபடி அழுத்தினார். மழைச் சத்தம்தான் கேட்டது. கூவாமல் இருக்கிறார்களே, எல்லாம் முடிந்துவிட்டதோ என்று நினைத்தேன். அவர் கையை எடுக்கவே இல்லை. வெகுநேரம் கழித்து, பள்ளத்துக்கு அந்தப் பக்கம், ஓடையையும் தாண்டி, மெலிதாக ஒரு கூவல் கேட்டது.

ரோட்டில் போனால் மலையையே சுற்ற வேண்டும். அவ்வளவு நேரம் அந்த உடம்பு தாங்காது. ஸ்ட்ரெச்சரைத் தோளில் போட்டுக்கொண்டு அய்யப்பண்ணன் சரிவில் இறங்கினார். ஓடையில் இடுப்பளவு செம்மண் தண்ணீர். மாரியாத்தாவையும் முருகனையும் மாற்றி மாற்றிக் கத்திக்கொண்டு, என் கையை நொறுக்கிவிடுவதுபோல் பிடித்தபடி கடந்தார்.

ஷாலினி கண் செருகிக் கிடந்தாள். தரையெல்லாம் ரத்தம். ஊசி போட்டு, ஊர் ஆட்களோடு ஸ்ட்ரெச்சரைத் தலைக்குமேல் தூக்கி அதே ஓடையைக் கடந்து வந்தோம். ஆஸ்பத்திரியில், "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ரெண்டு உசுரும் போயிருக்கும்" என்றார் டாக்டர். அய்யப்பண்ணன் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மறுநாள் ஆபீசில் போய்ச் சண்டை போட்டேன். புதிதாகப் போட்ட சாஃப்ட்வேர், எங்கேயோ கரும்பு லாரிகளுக்கு எடை போட எழுதியதாம். டன் கணக்குக்குப் புள்ளிக்குப் பின்னால் ரெண்டு இலக்கம் போதும். எங்கள் ஆள் பதிந்தது ஆறு இலக்கம். அது முதல் ரெண்டை வைத்துக்கொண்டு மிச்சத்தை விழுங்கிவிட்டு அனுப்பியிருக்கிறது.

"புள்ளிக்கு அப்புறம் வர்றதுதானே சிஸ்டர், தம்மாத்தூண்டு" என்றான் சுபாஷ்.

"அந்தத் தம்மாத்தூண்டுதான்டா ஒரு கிலோமீட்டருக்கு மேல! நடுவுல ஒரு ஓடை! வந்து எறங்கிப் பாரு!" என்று கத்தினேன். சாயங்காலம் அவனே போன் செய்து, சரிபண்ணிவிட்டார்கள் என்றான்.

அடுத்த வாரம் மலையிலிருந்து இன்னொரு நிறைமாதக்காரிக்கு அழைப்பு வந்தது. அவளுக்கு வலிப்பு கண்டிருந்தது. கிளம்பும்போது அய்யப்பண்ணன் போனை என் பக்கம் திருப்பினார். புள்ளிக்குப் பின்னால் ரெண்டே இலக்கம் இருந்தது. நான் சுபாஷைக் கூப்பிட்டேன். லைன் போகவில்லை. அங்கே ஒருத்தி வாயில் நுரை தள்ளிக் கிடக்கிறாள். நிற்க நேரமில்லை.

வண்டி மலை ஏறத் தொடங்கியது. முதல் கொண்டை ஊசி வளைவுகூட வரவில்லை.

"ஹாரன அடிண்ணே" என்றேன். "இப்பலேர்ந்தே அடி."