டிரம்மர் முகம் இல்லாத படங்கள்

வில்லியனூரில் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. வாங்க வருகிற ஒவ்வொருவரும் அண்டாவையும் தவலையையும் விரலால் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். அந்தச் சத்தத்திலேயே வளர்ந்ததால்தான் எனக்கு டிரம்ஸ் பைத்தியம் பிடித்தது என்று என் தம்பி சொல்வான். அப்படியும் இருக்கலாம். எனக்குத் தெரிந்த காரணம் வேறு. பள்ளிக்கூடம் படிக்கும்போது பாண்டியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போயிருந்தேன். தார்ப்பாய் விரித்துப் பழைய கேசட்டுகளைக் கொட்டி வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு சாமிப் பாட்டு பதிந்து கொடுக்கலாம் என்று அட்டை இல்லாத கேசட் ஒன்றை எடுத்து வந்தேன். அழிப்பதற்கு முன் என்னதான் இருக்கிறது என்று போட்டுக் கேட்டேன். ஏதோ ஒரு ராக் பாட்டில் டிரம்ஸ் அதிர்ந்தது. அம்மாவுக்கு வேறு கேசட் வாங்க வேண்டியதாயிற்று.

எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்த பிறகு, பாண்டியில் ஒரு காலேஜ் விழாவுக்கு பெங்களூரிலிருந்து நாலு பேர் கொண்ட ராக் பேண்ட் ஒன்று வந்தது. ஸ்டூடியோ வைத்திருந்த சித்தப்பாவிடம் கெஞ்சிக் கேமராவை வாங்கிக்கொண்டு போனேன். ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். கழுவி வந்த படங்களில் பாடகர் இருந்தார், கிடார்காரர்கள் இருவரும் இருந்தார்கள். டிரம்மர் முகம் மட்டும் ஒன்றில்கூட இல்லை. எல்லாவற்றிலும் டிரம்ஸோடு சேர்ந்த ஒரு பித்தளைத் தட்டு அவர் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றது. எனக்கு வேண்டியிருந்தது அவர்தான். மற்ற மூவரும் கூட்டத்தைப் பார்த்து வாசிக்க, அவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, யாரோ சொல்லும் நல்ல செய்தியைக் கேட்பவர்போல் தலையைச் சாய்த்து வாசித்தார். அந்த முகத்தை எடுக்க வேண்டும் என்று அன்றைக்குப் பிடித்த பிடிவாதம்.

அதற்குப் பிறகு அவர்கள் சென்னைக்கு வந்தபோதும், பெங்களூரில் வாசித்தபோதும் போனேன். ஒரு தடவை புகை. ஒரு தடவை பாடகரின் தலை. இன்னொரு தடவை சிவப்பு விளக்கில் அவர் முகம் தக்காளிபோல் நசுங்கிக் கிடந்தது. படம் கிடைக்காத ஆத்திரத்தில் மற்றதையெல்லாம் சேர்க்க ஆரம்பித்தேன். டிக்கெட்டின் கிழிந்த பாதி, கையில் கட்டும் காகிதப் பட்டை, சுவரிலிருந்து உரித்த போஸ்டர், அறுந்த கிடார் கம்பி, மேடைத் தரையில் ஒட்டியிருந்த பாட்டு வரிசைத் தாள்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே இதை என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் பாகூர் பக்கம், கரும்பும் நெல்லும் வைக்கிற குடும்பம். "ராக் சம்பந்தமான பொருளெல்லாம் சேத்து வைக்கிறேன்" என்றேன். மரியாதையாகத் தலையாட்டினார். கல்யாணம் முடிந்த மாதம் தென்பெண்ணை ஆற்றுப் பக்கம் போனவர், வழுவழுப்பான கருங்கல் ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தார்.

"இன்னாங்க இது?"

"நீதான் கல்லு சேக்கறன்னு சொன்னியே."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. விளக்கிச் சொன்னதும், "அப்ப பாட்டா? சரி, எங்க நடந்தாலும் நான் இட்டுகினு போறேன்" என்றார். சொன்ன சொல்லை இன்றுவரை காப்பாற்றுகிறார். பைக்கிலோ பஸ்ஸிலோ என்னைக் கூட்டிப்போவார். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு ஸ்பீக்கர் பக்கத்திலேயே தூங்குவார். முடிந்ததும் எழுப்பினால், "நல்லா இருந்திச்சா?" என்பார்.

என் மாமியாருக்கு அந்தப் பொறுமை கிடையாது. "ஊர்ல பொம்பளைங்க பீரோவத் தொறந்தா பட்டுப்பொடவ இருக்கும். இவ பீரோவத் தொறந்தா துண்டுச் சீட்டு கொட்டுது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஆற்றில் வெள்ளம் வந்து வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறிய வருடம், நான் முதலில் தூக்கிக்கொண்டு ஓடியது நெகடிவ் டப்பாவை. அத்தை நெல் மூட்டைகளின் பக்கத்தில் நின்று கத்தினார். "ஏண்டி, சோறு திம்பியா, படத்தத் திம்பியா?" டப்பா தப்பியது. போஸ்டர்கள் தப்பவில்லை. காயவைத்துப் பிரித்தபோது நாலு முகமும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே அட்டையாக வந்தது. பரணில் ஏறிய தண்ணீர்ப் பூச்சிகளை அப்புறம் பல நாள் பெருக்கினேன். நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த பேண்ட் டி-ஷர்ட்டை, வெள்ளம் வடிந்த வாரத்தில் யாரோ டிராக்டர் துடைக்க எடுத்துவிட்டார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது.

இதற்கிடையில் அந்த பேண்டும் கலைந்துபோயிருந்தது. ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு ஊர். நானும் வேறு நிகழ்ச்சிகளுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் போன வருடம் நாலு பேரும் மறுபடி சேர்ந்து சில ஊர்களில் வாசிக்கப்போவதாகவும், அதில் பாண்டிக்கு வடக்கே கடற்கரைப் பக்கம் ஒரு மைதானமும் இருப்பதாகவும் போனில் பார்த்தபோது, எக்ஸ்ரே அறை வாசலில் காத்திருந்த நோயாளி பயந்துவிடும் அளவுக்குக் கத்திவிட்டேன். இத்தனை காலம் நான் அவர்களைத் தேடிப் போனேன். இப்போது அவர்கள் என் பக்கத்துக்கே வருகிறார்கள்.

லீவு சொன்னேன். பழைய கேமராவைத் துடைத்தேன். தூரத்திலிருந்து முகத்தைப் பிடிக்கும் நீள லென்ஸை ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்யும் ஒருவரின் மகளிடமிருந்து இரவல் வாங்கினேன். அன்றைக்கு மத்தியானமே இருவரும் பைக்கில் கிளம்பிவிட்டோம். கேட் திறந்ததும் முதல் ஆளாய்ப் போய் நடுவில் நிற்க வேண்டும், பித்தளைத் தட்டுக்கு இடது பக்கம், கொஞ்சம் தள்ளி. எங்கே நிற்பது என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தேன்.

வாசலில் நின்ற காவலாளி பையைத் திறந்து பார்த்தார்.

"மேடம், லென்ஸ் கழட்டற கேமரா உள்ள போகக்கூடாது."

"இதுக்கு முன்னாடி எல்லா ஊர்லயும் எடுத்துனு போயிருக்கேன் தம்பி."

"பிரஸ் கார்டு இருக்குதா?"

கையில் இருந்தது ஆஸ்பத்திரி அடையாள அட்டைதான். அதை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஆஸ்பத்திரி கார்டு மேடம். போன்ல எடுத்துக்குங்க, யாரும் இன்னான்னு கேக்க மாட்டாங்க" என்றார். எனக்கு முன்னால் போன பையன்கள் வைத்திருந்த போன்கள் என் கேமராவைவிட நன்றாகப் படம் எடுக்கக்கூடியவை. அவற்றுக்குத் தடை இல்லை. இருபது வருடப் பழைய டப்பாவுக்குத்தான் தடை. அதைச் சொன்னேன். கெஞ்சினேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. கடைசியில் என் வீட்டுக்காரர்தான் முன்னால் வந்தார்.

"நீ உள்ள போ. நான் கேமராவ வச்சிக்கினு வெளிய இருக்கறேன். எனக்கு உள்ள இன்னா வேல?"

"பத்திரம். பையத் தொறக்காதீங்க. தூசி போயிடும்."

"தொட மாட்டேன், போ."

அன்றைக்கு மேடையில் புகை இல்லை. டிரம்ஸை உயரமான மேடையில் தூக்கி வைத்திருந்தார்கள். வெள்ளை விளக்கு நேராக டிரம்மர் முகத்தில் விழுந்தது. தலை நரைத்திருந்தது. கண்ணை மூடி, அதே மாதிரி தலையைச் சாய்த்து வாசித்தார். இத்தனை வருடத்தில் இவ்வளவு தெளிவாக நான் அவரைப் பார்த்ததே இல்லை. என் கையில் ஒன்றும் இல்லை. போனைத் தூக்கி எடுத்துப் பார்த்தேன். முகம் இருந்த இடத்தில் சுண்ணாம்பு அப்பியதுபோல் ஒரு வெள்ளைப் புள்ளி. பாட்டையாவது கேட்போம் என்றால் அதுவும் முடியவில்லை. 'இதோ, இப்போது, இந்த நொடி' என்று ஒவ்வொரு தடவையும் விரல் தானாக மடங்கியது.

முடிவில் அவர் எழுந்து வந்து குச்சி ஒன்றைக் கூட்டத்தில் வீசினார். எனக்கு இரண்டு ஆள் தள்ளி ஒரு பையன் பிடித்தான். "தம்பி, அத ஒரே ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். "சாரி ஆன்ட்டி, ஃப்ரெண்ட்ஸ் வெயிட் பண்றாங்க" என்று போய்விட்டான்.

வெளியே டீக்கடைப் பெஞ்சில் என் வீட்டுக்காரர் பையை இரண்டு கையாலும் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். "நல்லா இருந்திச்சா?" என்றார். "ம்" என்றேன். பாகூர் வரும்வரை பைக்கில் பையை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்து, வழியில் சுவரிலிருந்து உரித்து எடுத்த போஸ்டரைக் கூடத்தில் விரித்து, பின்னால் ஒட்டியிருந்த பசையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். வயலிலிருந்து வந்தவர் தண்ணீர்ச் சொம்போடு நின்று குனிந்து பார்த்தார்.

"அட, இவரா? நேத்து டீ குடிக்க வந்தாரே, அந்த ஆளு."

அவர் விரல் வைத்த இடத்தில் டிரம்மர் இருந்தார்.

"இன்னா சொல்றீங்க?"

"நீ உள்ள போயி கொஞ்ச நேரம் இருக்கும். பின்பக்க வேலியாண்ட இருந்து வந்தாரு. அரக்கால் டவுசர், ரப்பர் செருப்பு. சக்கர இல்லாம டீ கேட்டாரு. பெஞ்சில எடம் குடுத்தேன். விரலுக்கெல்லாம் பிளாஸ்டர் ஒட்டினு இருந்தாரு. சூடு தாங்கல, நான்தான் ரெண்டு கிளாஸா ஆத்திக் குடுத்தேன்."

என் கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் நிதானமாக மேலே சொன்னார்.

"கேமராலாம் வச்சிருக்கீங்க, பத்திரிகையான்னு கேட்டாரு. இல்லிங்க, வூட்ல அவங்க எடுக்கறாங்க, மேளம் அடிக்கறவர எடுக்கணும்னு ரொம்ப வருசமா அலையறாங்க, இன்னிக்கு உள்ள உடலன்னு சொன்னேன். பையையே ஒரு தடவ பாத்தாரு. அப்பறம், நானும் மேளம் அடிக்கற ஆளுதாங்கன்னாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"எந்தக் கோயில்லன்னு கேட்டேன்."

துணியைப் போஸ்டர் மேலேயே போட்டுவிட்டேன்.

"பயங்கரமா சிரிச்சாரும்மா. டீயே சிந்திப்போச்சு. அப்பறம் கையில இருந்த குச்சிய நீட்டி, இத அவங்க கிட்ட குடுங்கன்னாரு."

"எங்க அது? குடுங்க."

"வாங்கலியே. வேணாங்க, நீங்க தொழில் பண்ற குச்சி, உங்களுக்குத்தான் வேணும்னு சொல்லிட்டேன். ஒரு மனுசன் கிட்டேருந்து அவன் தொழில் சாமான வாங்கலாமா? எங்கிட்ட வந்து கழனி வெட்டற மம்முட்டியக் கேட்டா நான் குடுப்பனா?"

"ஒரு படமாவது எடுத்தீங்களா?"

"பையத் தொறக்காதன்னு நீதான சொன்ன."

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அடுத்த சில நாட்கள் அவரிடம் பேசவும் இல்லை. திட்டவும் வழி இல்லை. என்ன சொல்லித் திட்டுவது? எனக்காக வெளியே நின்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். முன்பின் தெரியாதவருக்கு டீ ஆற்றிக் கொடுத்தார். ஒரு குறை சொல்ல முடியாத மனிதர் மேல் வருகிற கோபம் எங்கேயும் போகாமல் உள்ளேயே சுற்றுகிறது.

நடந்ததையெல்லாம் பேண்டின் இணையப் பக்கத்துக்கு நீளமாக எழுதி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு இதயமும் இரண்டு கைகூப்புதலும் வந்தன. யார் போட்டதோ, எந்த இயந்திரம் போட்டதோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த டீக்கடைக்கே போனேன். கடைக்காரர், "டெய்லி எத்தினியோ பேரு வர்றாங்கம்மா" என்றார். வீட்டுக்காரரிடம் கிட்டத்தில் அந்த முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "மனுசன் மாதிரிதான் இருந்தாரு" என்றார்.

கரும்பு எடை போடும் இடத்தில், முடிதிருத்தும் கடையில், என் பிறந்த வீட்டில் எல்லாம் இந்தக் கதை பரவிவிட்டது. சொல்வது அவர்தான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுகிறது. இப்போது டிரம்மர் இவர் தோளில் கைபோட்டுக் கரும்பு விலை எல்லாம் விசாரிக்கிறார். கேட்பவர்கள் சிரித்து முடித்ததும் என்னைப் பார்த்து, "நீங்களும் போயிருந்தீங்களா?" என்கிறார்கள்.

போன மாதம் அவருக்குக் கேமரா கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன். இனிமேல் பையைத் தொடாதே என்று யாரிடமும் சொல்வதாக இல்லை. எங்கே அமுக்குவது, எதைத் திருகுவது என்று காட்டினேன். எந்தப் படத்திலும் தலை பாதிக்கு மேல் வருவதில்லை. கரும்பு மட்டும் நுனிவரை வருகிறது.

"அடுத்த தடவ அவரு வரட்டும், எடுத்துர்றேன்" என்றார் ஒரு நாள், வரப்பில் நின்று கேமராவைக் கண்ணில் வைத்தபடி.

முந்தின நாள்தான் படித்திருந்தேன். விரல் மூட்டுகள் தேய்ந்துவிட்டதால் டிரம்மர் வாசிப்பதை நிறுத்திக்கொண்டாராம். மற்ற மூவரும் வேறு ஆளை வைத்துக்கொள்ளப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்படித் தேய்ந்த மூட்டுகளை எக்ஸ்ரேயில் தினமும் பார்க்கிறவள் நான். வீட்டுக்காரர் அந்த விரல் பிளாஸ்டரைச் சொன்னபோதே புரிந்திருக்க வேண்டும்.

"அவரு இனிமே வாசிக்க மாட்டாராங்க. கை போயிடுச்சாம்."

அவர் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினார்.

"அந்தக் குச்சிய வாங்கியிருக்கணும், இல்ல?"

இத்தனை மாதத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார். பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆமாங்க, வாங்கியிருக்கணும்" என்றேன். கேமராவை வாங்கி மூடியைப் போட்டுவிட்டு, டியூட்டிக்கு நேரமாகிவிட்டதென்று பஸ் பிடிக்க நடந்தேன்.