ஒற்றைக் கன்னச் சவரம்

கடையை அடைத்துவிட்டு வந்ததும் முதல் வேலையாக இடது கன்னத்தை மட்டும் சவரம் செய்துகொள்கிறார். வலது கன்னத்தில் நாலு நாள் தாடி நரையும் கறுப்புமாக அப்படியே நிற்கிறது. அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வருகிறார். அங்கே கிடக்கும் மடிப்பு மடிப்பான அட்டைத் துருத்தியை இரண்டு கையாலும் தூக்கி, கைக்குழந்தையைக் கொஞ்சுவதுபோல் அந்த வழுவழுப்பான கன்னத்தில் வைத்து மெல்ல அழுத்துகிறார். கண்கள் தாமாக மூடிக்கொள்கின்றன. ஏதோ ஒரு மடிப்பிலிருந்து காற்று கசிகிறது. அது எந்த மடிப்பு என்பதுதான் இப்போது அவருக்கு உலகத்திலேயே பெரிய கேள்வி.

தெருவில் அவருக்குப் பெயர் ‘பஞ்சர் அண்ணன்’. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. லாரி டயர் முதல் குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிள் வரை அவர் கை படாத சக்கரம் அந்த வட்டாரத்தில் இல்லை. ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வரும் இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, “இங்கதான் போறாரு” என்பார். காற்றுக்கு அவரிடம் எப்போதும் மரியாதைதான். வந்துட்டாரு, போயிட்டாரு, உள்ள நல்லா உக்காந்துட்டாரு. யாராவது சிரித்தால், “கண்ணுக்குத் தெரியாதவங்கள மரியாதையாத்தான் பேசணும்” என்று பதில் வரும். டயர் மெல்ல எழுந்து உருவம் பெறுவதைப் பார்த்துக்கொண்டே எங்கோ போய்விடுவார். தோளைத் தொட்டுக் கூப்பிட்டால்தான் திரும்பி வருவார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு நாள் பெரிய அட்டைப்பெட்டியும் கையுமாக வீட்டுக்குள் நுழைந்தார். வீட்டிலேயே பாகம் பாகமாகப் பூட்டிக்கொள்கிற அக்கார்டியனாம், துருத்தியை விரித்துச் சுருக்கி வாசிக்கிற வாத்தியம். உள்ளே வெட்டிய மரச்சட்டங்கள், துருத்திக்கு வேண்டிய அட்டைகள், மடிப்பு மூலைகளில் ஒட்ட மெல்லிய தோல் துண்டுகள், வரிசை வரிசையாகச் சுரம் எழுப்பும் எஃகு நாக்குகள், அவற்றைப் பதிக்க ஒரு மெழுகுக் கட்டி, வெள்ளையும் கறுப்புமாகக் கட்டைகள். கூடவே ஒரு படப் புத்தகம். அதில் உள்ள எழுத்து அந்த வீட்டில் யாருக்கும் தெரியாத மொழி. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் ஒரு மொட்டைத்தலைக்காரர் வேலையைச் செய்துகாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். அன்று முதல் அவர்தான் குரு. “மொட்டை சார் என்ன சொல்றாருன்னா” என்று ஆரம்பித்தால் மனைவி அடுப்படிக்குப் போய்விடுவார். அன்றைக்குப் பறிபோன சாப்பாட்டு மேசை மனைவிக்கு இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுப் பழகிக்கொண்டார். ஒரு நாள் மட்டும் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: “மொட்டை சாரே முழுசா மழிச்சிட்டு அழகா சிரிக்கிறாரு. நீங்க ஏங்க பாதி மூஞ்சியோட அலையுறீங்க?”

உள்ளதைச் சொன்னால், அவருக்கு சரிகமகூடத் தெரியாது. பாட்டு என்றால் காத தூரம் ஓடுவார். அக்கார்டியன் அவருக்காக இல்லை, அக்காவுக்காக.

அக்கா சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். ஆர்மோனியக் கட்டைகளில் விரல் ஓட, அவர் பாடினால் அடுத்த தெருவில் சன்னல் திறக்கும். திட்டினால் மூடிக்கொள்ளும். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டார். தம்பி வீட்டு முன்னறைதான் அவர் அறை. போன வருஷம் தொண்டையில் கட்டி என்று அறுத்து எடுத்தார்கள். ஆள் பிழைத்து வந்தார், குரல் வரவில்லை. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வருகிறது. அதற்கப்புறம் கழுத்தைச் சுற்றி எப்போதும் ஒரு பருத்தித் துணி. வெயில் கொளுத்தினாலும் அவிழ்ப்பதில்லை. ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் விரல் முட்டியால் எதையாவது தட்டுவார். ஒரு தட்டு என்றால் ‘நிறுத்து’. இரண்டு தட்டு தம்பிக்கு. மூன்று தட்டு தம்பி மனைவிக்கு.

வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதிதான் தம்பியைக் கொன்றுகொண்டிருந்தது. செருப்போடு உள்ளே வந்தாலும் சரி, ஈரத் துண்டை நாற்காலியில் போட்டாலும் சரி, கேட்பார் இல்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து அக்காவிடம் திட்டு வாங்கி வளர்ந்த மனிதர். திடீரென்று ஒரு நாள் திட்டு நின்றுபோனால் எப்படி நிம்மதியாக இருப்பது? ஒரு முறை கனவில் தெருவிலுள்ள எல்லா வண்டிகளுக்கும் ஒரே நேரத்தில் காற்று இறங்கியது. ஒவ்வொரு டயரும் இறங்கும்போது அக்காவின் பழைய குரலில் அவரைத் திட்டியது. டேய், கதவச் சாத்துடா. டேய், தலையத் துவட்டுடா. தூக்கத்திலேயே சிரித்திருக்கிறார், மனைவி பார்த்திருக்கிறார். அந்த வாரம்தான் அட்டைப்பெட்டி வந்தது.

அக்கா முதலில் முகம் கொடுக்கவில்லை. பாவம் பார்த்துச் செய்கிறான் என்று நினைத்துவிட்டார். போதாக்குறைக்கு முதல் சோதனை நாள் வந்தது. பூட்டிய அக்கார்டியனை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினால் மறுபக்கம் கீழே இறங்காமல் தொங்க வேண்டும். அப்படித் தொங்கினால் காற்று கசியவில்லை என்று அர்த்தம். மொட்டை சார் கடைசிப் பக்கத்தில் அப்படித்தான் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார். இவர் ஆசை ஆசையாக அக்காவை எதிரில் உட்காரவைத்துத் தூக்கினார். மறுபக்கம் களைத்த மனுஷன் நாற்காலியில் சாய்வதுபோல் மெதுவாக இறங்கியது. கூடவே மெல்லிய ஒரு ‘ஸ்ஸ்’.

அக்கா பேசும்போது வருகிற அதே சத்தம். மூன்று பேருக்கும் அது தெரிந்தது. பிறகு அக்கா உதட்டை அசைத்தார். காற்றாக வந்தாலும் தம்பிக்கு ஒவ்வொரு எழுத்தும் புரியும்.

“என்னை மாதிரியே ஒண்ணு செஞ்சு வச்சிருக்கியாடா?”

எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பாடும் அன்றிலிருந்து அறைக்குள்தான்.

இவர் இடிந்துபோனார். செய்யப்போனது ஒன்று, ஆனது ஒன்று. டயராக இருந்தால் தண்ணீரில் முக்கி ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். இது அட்டை, தண்ணீர் பட்டால் ஊறி உப்பிப்போகும். அதனால்தான் கன்னத்தை நம்பினார். கையோ காய்த்துப்போன கை, காற்றை உணராது. சாயங்காலம் வெளிச்சம் சரியும்வரை கண்ணை மூடிக்கொண்டு, “எங்க போறீங்க? சொல்லிட்டுப் போங்களேன்” என்று கெஞ்சிக்கொண்டிருப்பார். சன்னல் திரை உப்பி உப்பி அடங்கும். பித்துப் பிடித்துவிட்டதோ என்று மனைவி கையைப் பிசைந்தார். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

இன்று தம்பிக்குப் பொறுமை போய்விட்டது. கடையிலிருந்து ஒரு டம்ளரில் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் கொண்டுவந்துவிட்டார். துருத்தியில் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும், அப்புறம் அட்டை என்ன ஆனால் என்ன என்கிற மூர்க்கம். “வேணாங்க, இத்தனை நாள் பாடு வீணாப் போயிடும்” என்று மனைவி தடுத்தார். காதில் விழவில்லை. பிரஷ்ஷை முக்கி எடுத்தார்.

கதவில் ஒரு தட்டு.

அக்கா வந்து பிரஷ்ஷை வாங்கி டம்ளரிலேயே போட்டார். தம்பியின் முகத்தை, தாடி உள்ள பக்கமும் இல்லாத பக்கமுமாகக் கொஞ்ச நேரம் பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது மாதிரி இருந்தது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்துத் துணியின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்தக் கழுத்தைத் தம்பி பார்த்ததே இல்லை. தழும்பு நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. தம்பி தலையைக் குனிந்துகொண்டார், அழுகை வந்துவிட்டது. அக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை. துருத்தியைக் கழுத்தருகே இழுத்துவைத்து, அழுத்து என்று கண்ணால் சொன்னார்.

அவர் அழுத்தினார். ‘ஸ்ஸ்’ என்றது. அக்கா மோவாயை உயர்த்தி, ஒவ்வொரு மடிப்பாகத் தழும்பின் அருகே நகர்த்திக்கொண்டே போனார். மனைவி சன்னலைச் சாத்தினார், திரை அசைவது நின்றது. கீழ் மூலைக்கு வந்தபோது அக்காவின் கை நின்றது. கழுத்தில் பூனைமயிர் சிலிர்ப்பதைத் தம்பி பார்த்தார். அங்கே ஒரு தோல் துண்டின் ஓரம் நூலளவு தூக்கிக்கொண்டிருந்தது.

அக்கா அந்த இடத்தில் விரல் முட்டியை வைத்து இரண்டு முறை தட்டினார்.