கம்ப்ரஸருக்கு ஓர் இடம்

பாயா ரும்புட் ஊரில் எங்கள் வீட்டுப் படுக்கையறைக்கு ஏர்கோன் பொருத்த வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, வெயிலில் கறுத்த கைகள். சுவரில் துளை போடும் முன் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. வெளியே கம்ப்ரஸர் வரப்போகும் இடத்தில் சுவரோடு முதுகை ஒட்டி நின்று, அது பார்க்கப்போகும் திசையைத் தானும் கொஞ்ச நேரம் பார்ப்பார்.

நான் காட்டிய பக்கச் சுவரிலும் அப்படித்தான் நின்றார். வேலிக்கு அப்பால் அடுத்த வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே துணித்தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"தம்பி, சூட்டுக் காத்து பூரா அந்த ரூமுக்குத்தான் போகும் லா," என்றார்.

"அவங்களுக்கும் எங்களுக்கும் பேச்சு இல்லண்ணே. நீங்க மாட்டுங்க."

"இங்க மாட்ட மாட்டேன் தம்பி. வேற ஆளப் பாத்துக்குங்க."

குரலில் கோபமே இல்லை. டிரில்லை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். வேறு வழியில்லாமல் நான் பின்பக்கச் சுவரைக் காட்டினேன்.

அதனால் அறைக்கும் கம்ப்ரஸருக்கும் இடையே ஓடும் செம்புக் குழாய் நீண்டுவிட்டது. பம்பு வைத்துக் குழாயிலிருந்த காற்றை உறிஞ்சி எடுத்தார். பிறகு, கூடுதலாகத் தேவைப்பட்ட கேஸைத் தராசில் எடைபார்த்து நிதானமாக ஏற்றினார். அறை குளிர்ந்தது.

கிளம்பும்போது, "பக்கத்து வீட்டுக்காரங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"இல்ல தம்பி," என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

பின்பக்கம் அவ்வளவு இடம் இருந்தும் பக்கச் சுவரை ஏன் காட்டினேன் என்று அவர் கடைசிவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.