ஹாரன் அக்கா போட்ட தரை

நகரப் பேருந்து ஓட்டும் அவளுக்கு டிப்போவில் வைத்த பெயர் ஹாரன் அக்கா. வண்டியில் ஹாரன் பழுதானால்கூடக் கவலையில்லை, இவள் ஜன்னல் வழியே ஒரு சத்தம் போட்டால் தெருவே ஒதுங்கிவிடும் என்பார்கள். ஆனால் சொந்தக்காரர்கள் முன்னால் அந்தக் குரல் தொண்டைக்குள்ளேயே அடங்கிவிடும். அதிலும் கூடப்பிறந்த அக்காவின் கணவரான அத்தான் எதிரில் அவள் வாயைத் திறந்ததே இல்லை.

நாள் முழுக்க அதிரும் இரும்பில் கால் வைத்திருப்பவளுக்கு ஒரு ஆசை. வீடு வந்ததும் செருப்பை உதறிவிட்டு மரத்தின் மேல் நடக்க வேண்டும். கூடத்து டைல்ஸ் ஈரக் காலத்தில் உள்ளங்காலைக் கடித்தது. "ஆள் வெச்சுப் போடலாமே" என்றார் அவள் கணவர். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருப்பவர். யாரோடும் வம்புக்குப் போகாதவர்.

"என் தரைய நானே போட்டுக்கிறேன்" என்றாள்.

அவள் வாங்கியது மிதக்கும் தரை. ஆணியும் கிடையாது, பசையும் கிடையாது. பழைய டைல்ஸ் மேலேயே நுரை விரிப்பைப் போட்டு, ஒரு பலகையின் நாக்கை இன்னொன்றின் பள்ளத்தில் செருகித் தட்டினால் பூட்டிக்கொள்ளும். மொத்தமும் எதிலும் ஒட்டாமல் பாய் மாதிரிக் கிடக்கும். மழைக்கு மரம் உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். அதனால் சுவரோரம் விரலளவு இடைவெளி விட்டே ஆக வேண்டும். அதைக் கடைசியில் ஒரு மரப்பட்டி மூடிக்கொள்ளும்.

விடுமுறை நாட்களிலெல்லாம் முட்டி போட்டு உட்கார்ந்தாள். முதல் வரிசை கோணிப்போய், பிரித்து மறுபடி போட்டாள். கதவு நிலைக்கு அடியில் பலகையை வெட்டி நுழைக்க ஒரு முழுப் பகல் போனது. மரப்பட்டி மட்டும் பாக்கி இருந்தபோது அக்கா குடும்பம் பார்க்க வந்தது.

அத்தான் ஆயுள் முழுக்க டைல்ஸ் ஒட்டியவர். குதிகாலால் ஒரு மிதி மிதித்தார். "என்னம்மா, ஆடுது? சுத்தி ஓட்டை வேற. எலி குடித்தனம் பண்றதுக்கா?"

"அது அப்படித்தான் அத்தான் விடணும்..."

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தாள்.

மறுநாள் அவள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தாள். சுவரோரமாகப் பலகைகளைத் துளைத்து வரிசையாக ஸ்குரூ இறக்கியிருந்தது. இடைவெளி முழுக்கச் சிமெண்ட். அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

"யார் பண்ணது?"

"அத்தான்தான். டிரில்லோட வந்து நின்னாரு. பெரியவரு, நான் என்னன்னு சொல்றது?" என்றார் கணவர், ஊசியில் நூலைக் கோத்தபடி. "விடு. இப்ப எடுத்தா அவர் மனசு நோகும்."

அவள் மனசு நோவதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. அன்று பேசாமல் விட்டதற்காகப் பிறகு அவள் தன்னையே திட்டிக்கொள்ளாத நாளில்லை.

மழை பிடித்தது. மரம் உப்பியது. நகர வழியில்லாமல் கூடத்தின் நடுவிலிருந்து வாசல் வரை தரை ஒட்டக முதுகு மாதிரித் தூக்கிக்கொண்டது. ஒரு காலை வாசல் கதவு அதில் இடித்துத் திறக்கவே மாட்டேன் என்றது. கணவனும் மனைவியுமாக மல்லுக்கட்டித் திறப்பதற்குள், அவள் எடுக்க வேண்டிய முதல் வண்டியை வேறொருவர் எடுத்துப் போய்விட்டார். டிப்போவில் வாங்கிய ஏச்சு போதாதென்று, சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள். "பொம்பள போட்ட தரை அவ்வளவுதான் நிக்கும்னு உங்க அத்தான் எல்லார்கிட்டயும் சொல்றாருடி."

"அவரைக் கூட்டிக்கிட்டு வா. இப்பவே."

வந்தார். வழக்கம்போல நாற்காலியைத் தேடினார்.

"உக்காராதீங்க அத்தான். நின்னு பாருங்க!"

தெரு வரை கேட்டிருக்கும். தையல் மிஷின் நின்றது. அவள் முட்டி போட்டு ஒவ்வொரு ஸ்குரூவாகக் கழற்றினாள். உளியை வைத்துச் சிமெண்டைக் கொத்திக் கொத்தி வெளியே தள்ளினாள். கடைசிப் பக்கம் விடுபட்டதும் தரை கறகறவென்று முனகிச் சுவரை நோக்கி நகர்ந்தது. அவள் மேட்டின் மேல் ஏறி நடந்தாள். அது மெல்ல அவள் காலடியில் படிந்தது.

"மழை விட்டிடுச்சுல்ல, அதான் இறங்குது" என்றார் அத்தான்.

"வெளிய இன்னும் கொட்டுது" என்றாள் அக்கா. கல்யாணமான நாளிலிருந்து அவரை மறுத்து அக்கா சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அத்தான் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

அவர்கள் போன பிறகு கணவர் மெதுவாக, "டீ போடட்டுமா?" என்றார்.

"அவர் துளை போட்டாரு. கதவைத் திறந்து விட்டது யாரு? நான் முட்டி தேயப் போட்டதை அவர் துளைக்கறப்ப நீங்க பட்டன் தெச்சுக்கிட்டு இருந்தீங்க."

 அடுத்த விடுமுறையில் மரப்பட்டியைப் பொருத்த அவள் உட்கார்ந்தபோது, கேட்காமலே கணவர் வந்து மறுமுனையைப் பிடித்தார். பட்டி மூடாத துளைகளை மர நிற மெழுகு வைத்து அடைத்தார். நிறம் சரியாகச் சேரவில்லை. "பரவாயில்லையா?" என்று கேட்டார்.

"பரவாயில்லன்னு யார் சொன்னா?" என்றாள் அவள். "பட்டிய நேராப் பிடிங்க."