நான்கு ஜிபி கேட்டேன், சிரித்தார்கள்

இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளித் தமிழ்க் கழக இணையத்தளத்துக்கு நான்கு ஜிபி இடம் வேண்டும் என்று போன மாதம் சொன்னேன். கேமராவில் இருக்கும் அசல் படங்களை வைத்துப் போட்ட கணக்கு.

கழகத் தலைவன் கவின், வாட்சப்பில் சுருங்கி வந்த படங்களை வைத்துக் கணக்குப் போட்டான். "ஒரு ஜிபி போதும்லா. இவ சும்மா பயமுறுத்துறா!" எல்லோரும் சிரித்தார்கள். ஒரு ஜிபிதான் வாங்கினோம்.

இன்று கணினி அறையில் பொங்கல் விழாவின் அசல் படங்களை ஏற்றினான். பாதியிலேயே இடம் தீர்ந்தது. அவன் கோப்பை வாங்கும் படம் இன்னும் ஏறவில்லை.

"அலமாக்! ஐயோ, அம்மாவுக்கு லிங்க் அனுப்பிட்டேன், சிங்கப்பூர் முழுக்க எல்லார்கிட்டயும் காட்டுவாங்க. இப்ப என்ன செய்யிறது?"

"நீங்கதானே தலைவர்? சொல்லுங்க தலைவரே," என்றேன்.

படங்களைச் சுருக்கி ஏற்றினால் போதும். எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

நான் செய்தது தப்பா? நீங்களே சொல்லுங்கள். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆசிரியர் அறையைப் பூட்ட வந்து விளக்குகளை அணைத்துவிட்டார்.