புளியங்கொப்பும் மெமரி சிப்பும்

ஒரு கொப்பை எண்ணினால் மொத்த மரத்தையும் எண்ணியதாகிவிடும் என்று நம்பினேன். மரத்துக்குச் சரி. கம்பெனிக்கு?

பேரையூரில் இருக்கும் என் மனைவியின் அண்ணன், புளியமரம் குத்தகை எடுப்பவர். ஒரு கொப்பில் காயை எண்ணுவார். மொத்தக் கொப்புகளால் பெருக்குவார். ஏலம் கேட்பார். தப்பியதே இல்லை.

மாசியில் ஒரு மெமரி சிப் கம்பெனி ஷேர் வெளியிட்டது. வீடியோ கேம் பெட்டிக்குள் அவர்கள் சிப்தானாம். அதில் என்ன வருமானம் வரும்? மச்சான் வழியில் இறங்கினேன். எங்கள் தெருக் கடைகளில் ஆறு பெட்டி. மதுரைக்கு எத்தனை தெரு, நாட்டுக்கு எத்தனை மதுரை... பேப்பரில் பூஜ்யம் போட இடமில்லை. மனைவியின் ரெட்டை வடச் செயினை — அவளுக்குத் தெரியாமல்தான் — அடகு வைத்து விண்ணப்பம் போட்டேன்.

மறுவாரமே மச்சான் வந்தார். வைகாசியில் மகளுக்குக் கல்யாணம். "ஏத்தா, அந்த ரெட்டை வடத்தைப் போட்டுக்கிட்டு முன்னால வந்து நிக்கணும்" என்றார் தங்கையிடம். நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"மச்சான், கொப்புக் கணக்கு என்னைக்காச்சும் தப்புமா?"

"எந்தக் கொப்பை எண்ணுறோம்கிறதுல இருக்கு மாப்ள. காய் தொங்குற கொப்பா பாத்து எண்ணுனவன் தெருவுக்கு வந்துருவான்."

எங்கள் தெருவில் ஸ்கூல் இருக்கிறது. ஆறு பெட்டியும் அதன் வாசலில்தான். நான் எண்ணியது காய் தொங்குற கொப்பு.

கேம் கடை பாயிடம் ஓடினேன். "பாய், உள்ள சிப்புல என்ன கம்பெனி பேரு இருக்குன்னு பாக்கணும்."

"அண்ணே, நீங்க இன்கம்டாக்ஸா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பெட்டியைக் கழற்றினார். பேரா? கறுப்பாக ஒரு தார்ச் சொட்டு. அவ்வளவுதான்.

"டூப்ளிகேட் சரக்குண்ணே. இம்புட்டு விலைக்குப் பேரு வேற எழுதித் தருவானா?"

அதன்பின் வீட்டில் பீரோ திறக்கும் சத்தம் கேட்டாலே வாசலுக்குப் போய் நின்றுகொள்வேன். ஒருநாள் மனைவி, "ஏங்க, செயின் கொக்கி லூசா இருந்துச்சே, ஆசாரிகிட்ட குடுக்கணும்" என்றாள். "நானே குடுத்துட்டேன்" என்றேன். பொய் சொன்னால் என் குரல் மூன்றாம் வகுப்புக்குப் போய்விடும். அவள் ஒரு நிமிடம் பார்த்தாள். போய்விட்டாள். அந்த ஒரு நிமிடத்துக்கு எந்தக் கம்பெனி ஈடு கட்டும்?

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு தபாலில் கவர் வந்தது. பிரித்தேன். என்னைப்போல் ஊரெல்லாம் கொப்பு எண்ணியிருக்கிறது... விண்ணப்பங்கள் குவிந்துவிட்டனவாம்.

எனக்கு ஒரு ஷேர்கூட ஒதுக்கவில்லை. முழுப்பணத்துக்கும் செக் இருந்தது.