மூன்று கையெழுத்து, ஒரு தாள்: ஆம்பூரிலிருந்து சத்துவாச்சாரி வரை

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். இங்கே நீங்கள் பார்ப்பது என் நோட்டுப் பக்கங்களின் போட்டோ. வரிகள் சில இடத்தில் மேலே ஏறும், சில இடத்தில் கீழே சரியும். 'ழ' மட்டும் மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக இருக்கும். அதற்கு இடம் போதாமல் போய்விடுமோ என்று எனக்கு எப்போதும் ஒரு பயம். எழுதப் படிக்கக் கற்று ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. எனக்கு வயது அறுபத்தொன்பது. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் சுண்ணாம்புத் தொட்டியில் முப்பத்தெட்டு வருஷம் வேலை செய்தவன். பெயர் ஏழுமலை. மருமகள் பக்கங்களைப் படம் பிடித்து இங்கே ஏற்றுகிறாள். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க வேண்டும். அதைவிட சந்தோஷமான சாயங்காலம் எனக்கு வேறு கிடையாது.

போன வியாழக்கிழமை நான் ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி, ஜோலார்பேட்டை, காட்பாடி வழியாக சத்துவாச்சாரிக்குப் போனேன். வரைபடத்தைப் பார்த்தால் இந்த வழி பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆம்பூரிலிருந்து நேராகக் கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் போனால் வேலூர் வந்துவிடும். நான் ஏன் முதலில் மேற்கே போனேன் என்றால், காரணம் ஹேண்ட்பால்.

எங்கள் பகுதியில் ஹேண்ட்பால் சங்கம் ஒன்றாகத்தான் இருந்தது. மாவட்டம் பிரிந்தபோது சங்கமும் உடைந்தது. வாணியம்பாடித் தோல் வியாபாரி அன்வர் பாய் ஒரு சங்கத்துக்குச் செயலாளர். ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை பார்க்கும் சேகர் இன்னொரு சங்கத்துக்குச் செயலாளர். நான்தான் அசல் என்று இரண்டு பேரும் மாநிலச் சங்கத்துக்கு மாற்றி மாற்றிக் கடிதம் எழுதினார்கள். கடைசியில் மாநிலச் சங்கம் ஒரு வழி சொன்னது. இரண்டு செயலாளர்களும், இருவருக்கும் பொதுவான ஒரு மூன்றாம் ஆளும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால்தான் எந்தக் கடிதமும் செல்லும்.

அந்த மூன்றாம் ஆள் நான். தினமும் மைதானத்து ஓரம் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது. எவன் எழுதியதையும் படித்து எவன் பக்கமும் சாய மாட்டேன் என்பதால்தான் என்னைப் பிடித்தார்கள். அவர்கள் நாலு வருஷத்தில் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். இருவரும் ஒருவர் ஊருக்கு ஒருவர் போக மாட்டார்கள். அதனால் தாளை நான்தான் தூக்கிக்கொண்டு அலைவேன்.

இந்தத் தடவை தாளில் இருந்த பெயர் ரெபேக்கா. எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பெண், வயது பதினேழு, கோல்கீப்பர். அவள் அம்மா ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கிறாள். நாட்டின் ஜூனியர் அணிக்கான முகாமுக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். மாவட்டக் கடிதம் அன்று மாலை ஐந்து மணிக்குள் சத்துவாச்சாரி மண்டல அலுவலகத்தில் ஏறினால் அவள் போவாள். இல்லாவிட்டால் வேறு மாவட்டத்துப் பெண் போவாள்.

காலை 7.10க்கு ஆம்பூர் பேருந்து நிலையத்தில் ஏறினேன். பேருந்தின் பெயர்ப்பலகையை யாரிடமும் கேட்காமல் நானே படித்தேன். கண்டக்டர் வழக்கம்போல "எங்க பெருசு போவணும்?" என்றார். "போர்டுல போட்டிருக்குதே, அங்கதான்" என்றேன். அவர் சிரித்தார், நான் அவரைவிட அதிகமாகச் சிரித்தேன். பதினெட்டு ரூபாய். 7.45க்கு வாணியம்பாடி.

அன்வர் பாய் கிடங்கில் தோல் எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்தார். டீ மட்டும் இரண்டு தடவை வந்தது.

"போன தடவ லெஃப்ட்ல யாரு போட்டது ஏழுமலைண்ணே?" என்றார்.

"சேகருதான், பாய்."

"அப்போ இந்த தடவ நான் லெஃப்ட்டு. ரைட்ல அவன் போடட்டும்."

ஒருவருக்குக் கீழே ஒருவர் போட மாட்டார்கள் என்பதால் ஒரே கோட்டில் பக்கத்தில் பக்கத்தில் போடும் ஏற்பாடு. ஆனால் இடதா வலதா என்று அதிலும் ஒரு சண்டை. முறை வைத்துத்தான் ஓடுகிறது. பாய் இடது பக்கம் போட்டார். மணி 9.20.

வாணியம்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை பதினேழு கிலோமீட்டர் இருக்கும். பேருந்தில் பதினேழு ரூபாய், நாற்பத்தைந்து நிமிஷம். சேகர் காலை டூட்டியில் இருந்தார். தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலை, நடுவில் பத்து நிமிஷம்தான் கிடைக்கும். அந்தப் பத்து நிமிஷம் 11.15க்குத்தான் வந்தது. நான் வரும் ரயில்களின் பெயரையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். நின்று போனவற்றை முழுதாகப் படித்தேன், நிற்காமல் போனவற்றில் பாதி.

சேகர் கடிதத்தை மூன்று தடவை திருப்பிப் பார்த்தார். பாய் எதையாவது நுழைத்திருப்பார் என்று சந்தேகம். "ஒண்ணும் இல்ல நைனா, நான் படிச்சிட்டேன்" என்றேன்.

"இன்னாது, நீ படிச்சியா?"

முதல் வரியைப் படித்துக் காட்டினேன். சேகர் வாயில் கை வைத்துக்கொண்டார். பிறகு வலது பக்கம் கையெழுத்துப் போட்டுவிட்டு, பையிலிருந்து மை டப்பாவை எடுத்தார். எனக்காக அவர் எப்போதும் வைத்திருப்பது.

"வேணாம், பேனா குடு" என்றேன்.

மு. ஏழுமலை. பிளாட்பார பெஞ்சில் தாளை வைத்து எழுதி முடிக்க இரண்டு நிமிஷம் ஆனது. 'ழ' நன்றாக வந்தது. "அய்யோ, பெருசு கலக்குது!" என்று சேகர் பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். இத்தனை வருஷமாக விரல் வைத்த இடத்தில் என் பெயர். வயதான காலத்தில் ஒரு தாளைப் பார்த்து இப்படி நெஞ்சு நிறையும் என்று நினைக்கவில்லை.

11.40க்கு ரயில். முன்பதிவு இல்லாத பெட்டி, நாற்பது ரூபாய். 1.10க்கு காட்பாடி. அங்கிருந்து பேருந்து மாறி சத்துவாச்சாரி போய்ச் சேர 2.05 ஆகிவிட்டது. அலுவலகத்தில் 2.30 வரை சாப்பாட்டு நேரம். நான் வாழைப்பழம் இரண்டு தின்றுவிட்டு, எதிரே இருந்த கடைகளின் பலகைகளை எல்லாம் படித்து முடித்தேன்.

அலுவலகத்தில் இருந்தவர் விஜயா மேடம். கண்டிப்பான ஆள். கடிதத்தை வாங்கினார், பீரோவிலிருந்து ஒரு கோப்பை எடுத்தார், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஐயா, மாதிரிக் கையெழுத்துல உங்களுக்கு இடது பெருவிரல் ரேகை இருக்குது. இங்க யாரோ கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"யாரோ இல்லம்மா, நான்தான். எழுதக் கத்துக்கிட்டேன்."

"சந்தோஷம்யா. ஆனா இது செல்லாது."

"இப்பவே பக்கத்துல ரேகை வெக்கிறேனே" என்றேன். அவர் தலையாட்டினார். வைக்கலாம், ஆனால் அது திருத்தம். திருத்தத்துக்குப் பக்கத்தில் மற்ற இருவரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

"என்னை கல்நெஞ்சுக்காரின்னு நினைக்காதீங்க. உலகச் சங்கம் ஒரு நாட்டுக்கு ஒரு சங்கத்தைத்தான் ஏத்துக்கும். அதனால நாடு மாநிலத்துக்கு ஒண்ணு கேக்குது, மாநிலம் மாவட்டத்துக்கு ஒண்ணு கேக்குது. உங்க ரெண்டு சங்கமும் முன்னாடி ஒருத்தரை ஒருத்தர் கேட்காம கடிதம் அனுப்பினாங்க. அதுல ஒரு வருஷம் உங்க பசங்க யாருமே ஆடல. இப்ப நான் ஒரு கையெழுத்தை சும்மா விட்டா, நாளைக்கு எவனாவது அதை வெச்சே அந்தப் பொண்ணு பேரை அடிப்பான்."

அவர் சொன்னது நியாயம். கெடுத்தது நான். மணி 2.50.

முதலில் பாய்க்குப் போன் போட்டேன். "வர்றேன்ணே, கார் இருக்குது. ஆனா அவன் இங்க வரட்டும், ஏத்திக்கிறேன்" என்றார். அடுத்து சேகர். டூட்டி முடிந்து அப்போதுதான் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். "நான் அந்த ஆளு கிடங்கு வாசல்ல போய் நிக்கணுமா? காரை இங்க அனுப்பச் சொல்லு." மறுபடி பாய். மறுபடி சேகர். ஏழு நிமிஷம் இதிலேயே போயிற்று. சுவரில் இருந்த கடிகாரத்தை நான் படிக்கப் பழகியது எழுத்துக்கு முன்பே. அன்றைக்கு அது தெரியாமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசியில் சேகரிடம் பேசியபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "வாணியம்பாடி பைபாஸ் மேம்பாலத்துக்குக் கீழ நில்லுங்க ரெண்டு பேரும். அது பாய் ஊரும் இல்ல, உன் ஊரும் இல்ல. லாரிக்காரன் ஊரு. வரலன்னா அந்தப் பொண்ணு வீட்டுக்கு நீங்களே போய்ச் சொல்லுங்க, நான் சொல்ல மாட்டேன்." வைத்துவிட்டேன். பாய்க்கும் போட்டு இதையே சொன்னேன்.

3.40க்கு சேகரிடமிருந்து ஒரு வரி செய்தி: ஏறிட்டேன். அங்கிருந்து சத்துவாச்சாரி அறுபத்தெட்டு கிலோமீட்டர். நல்ல சாலைதான், ஆனால் ஆம்பூரில் நெரிசல் இருக்கும், பள்ளிகொண்டாவில் சுங்கச்சாவடி இருக்கிறது.

4.15க்கு ரெபேக்கா கூப்பிட்டாள். "தாத்தா, குடுத்தாச்சா?"

"குடுத்துட்டேன்மா. பாத்துக்கினு இருக்காங்க." அதில் பொய் இல்லை. ஆனாலும் பொய் சொன்ன மாதிரிதான் இருந்தது.

"அம்மா பேக் பண்ணலாமான்னு கேக்குது."

"பண்ணச் சொல்லு" என்று சொல்லிவிட்டேன். சொல்லிய பிறகு உட்கார முடியவில்லை. வாசலில் போய் நின்றேன். 4.30. 4.40. வெள்ளைக் கார் எது வந்தாலும் அதுவாக இருந்தது, பிறகு இல்லாமல் போனது. மேடம் கணினியில் எல்லாவற்றையும் தட்டி வைத்துவிட்டு, தாளைப் படம் எடுக்கும் கருவியைத் திறந்து வைத்திருந்தார்.

4.51க்கு வந்தார்கள். இரண்டு பேரும் இரண்டு கதவு வழியாக இறங்கினார்கள். பேசிக்கொண்டே வந்தவர்கள் மாதிரி தெரியவில்லை.

மை டப்பாவைச் சேகர் மறக்காமல் எடுத்து வந்திருந்தார். பெருவிரலை அழுத்தினேன். மேடம் பழைய ரேகையோடு ஒப்பிட்டார். சுண்ணாம்பில் தேய்ந்த விரல்; எப்போது வைத்தாலும் கோடு விழாது, கறுப்புத் திட்டுதான்.

"ரெண்டுலயும் ஒண்ணுமே தெரியலயே" என்றார் மேடம்.

"தெரியாததுல ரெண்டும் ஒண்ணா இருக்குது மேடம்" என்றார் பாய்.

மேடம் முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு திருத்தத்துக்குப் பக்கத்தில் விரல் வைத்துக் காட்டினார். ஓரத்தில் இருந்த இடம் ஒரு விரல் அகலம். பக்கத்தில் பக்கத்தில் போட வழியில்லை. மேலே ஒருவர், கீழே ஒருவர்.

இருவரும் அந்த இடத்தைப் பார்த்தார்கள். யாரும் பேனாவைத் தொடவில்லை. 4.55. நான் வாயைத் திறக்கப் போனேன், மேடம் கண்ணாலேயே அடக்கினார்.

பாய் பேனாவை எடுத்தார். மேல் இடத்தைக் காலியாக விட்டு, கீழே போட்டார். பேனாவை நீட்டினார். சேகர் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து போட்டார்.

மேடம் தாளைக் கருவியில் வைத்தார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. 4.58க்குப் பச்சை எழுத்து வந்தது. மூன்று சொற்கள். நானே படித்தேன்: கடிதம் பெறப்பட்டது, நன்றி.

திரும்பும்போது மூவரும் ஒரே காரில் வந்தோம். என்னை முன்னால் உட்காரவைத்தார்கள். பள்ளிகொண்டா வரைக்கும் ஏசி ஜாஸ்தியா கம்மியா என்று இருவரும் சண்டை போட்டார்கள். அது எனக்கு நல்ல சண்டையாகத் தெரிந்தது. ஆம்பூரில் இறங்கியதும் ரெபேக்காவிடம் முழுசாக உண்மையைச் சொன்னேன். "இன்னா தாத்தா, உன் கையெழுத்தால நான் போவாம இருந்திருப்பனா?" என்றாள். ஆமாம் என்றேன். முறைத்தாள். பிறகு அந்தக் கையெழுத்தைப் போட்டுக் காட்டச் சொல்லி, அவள் ஷூ பையின் மேல் என்னைப் பேனாவால் எழுதவைத்தாள்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆம்பூரில் ஏழு மணிக்கு முன்னால் ஏறுங்கள். ஜோலார்பேட்டையில் 11.40 ரயிலை விட்டால் அடுத்ததை நம்ப முடியாது. சத்துவாச்சாரியில் ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை கதவு மூடியிருக்கும். அலுவலகத்தில் தண்ணீர் உண்டு, கழிவறை பின்பக்கம். கோப்பில் உங்கள் அடையாளம் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள், மாற்ற ஆசை இருந்தால் முதலில் கோப்பை மாற்றுங்கள். மை டப்பா கையில் இருக்கட்டும். ஆள் ஆளுக்கு ஒரு ஊர் என்றால், சந்திக்கிற இடத்தை முதலிலேயே பாலத்துக்குக் கீழே வையுங்கள்.

மேடம் கிளம்பும்போது ஒன்று சொன்னார். என் மாதிரிக் கையெழுத்தைக் கோப்பில் மாற்றலாமாம், மூவரும் நேரில் வந்தால் போதும். வருகிற வியாழக்கிழமைக்கு நேரம் கொடுத்திருக்கிறார். எட்டு மணிக்கு மேம்பாலத்துக்குக் கீழே என்று பாய் சொல்லியிருக்கிறார். ஏழே முக்காலுக்கே நிற்பேன் என்று சேகர் சொல்லியிருக்கிறார். அவர்கள் இருவரும் வந்தார்களா, 'ழ'வுக்குக் கோப்பில் இடம் போதுமானதாக இருந்ததா என்று அடுத்த வாரம் இதே நோட்டில் எழுதுகிறேன்.